இயக்க வகுப்பும் அனிமேஷன் வகுப்பும் ஒரே மேசையில் அமரட்டும்: தரமணித் திரைப்படப் பயிற்சி நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர் அவர்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம்.

சென்னையில் திரைப்படங்களுக்கும் விளம்பரப் படங்களுக்கும் ஸ்டோரிபோர்டு, அதாவது படமாக்கும் முன் காட்சிகளை ஷாட் ஷாட்டாகக் காட்டும் சித்திர வரிசை, வரைவதைத் தொழிலாகக் கொண்டவன் நான். தரமணி வளாகத்தில் நான் படித்ததில்லை. ஆனால் அங்கே படித்து வந்த ஒளிப்பதிவாளர்களோடும் படத்தொகுப்பாளர்களோடும் உதவி இயக்குநர்களோடும்தான் என் வேலை நாள்கள் பெரும்பாலும் கழிந்திருக்கின்றன; அவர்கள் எவ்வளவு தொழில் தெரிந்தவர்களாக வெளிவருகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்த மதிப்போடுதான் இந்த மடலை எழுதுகிறேன். 1945-ல் சென்ட்ரல் பாலிடெக்னிக்கின் ஒரு துறையாகத் தொடங்கிய பயிற்சி, இன்று தனித்தனிப் பட்டப்படிப்புகளாக வளர்ந்து நிற்கிறது. இயக்கமும் திரைக்கதை எழுதுதலும் ஒரு படிப்பு. அனிமேஷனும் விஷுவல் எஃபெக்ட்ஸும் இன்னொரு படிப்பு. இந்த இரண்டு வகுப்புகளைப் பற்றியதுதான் என் விண்ணப்பம்.

இயக்கம் படிக்கும் மாணவரும் அனிமேஷன் படிக்கும் மாணவரும் சேர்ந்து, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மேசையில் அமர்ந்து, ஒரு நகைச்சுவைக் குறும்படத்தை எடுத்து முடிப்பதைப் பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியாக ஆக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படம் முழுவதும் வரைந்ததாக இருக்கலாம்; முழுவதும் நடிகர்களை வைத்து எடுத்ததாகவும் இருக்கலாம். எப்படி எடுத்தாலும், படப்பிடிப்புக்கு முன்பே அது பிரேம் கணக்கோடு, அதாவது ஒவ்வொரு அசைவும் படச்சுருளின் எத்தனை தனிப்படங்களுக்கு நீடிக்கும் என்ற கணக்கோடு, காகிதத்தில் வரையப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒன்றே நான் முக்கியமாகக் கருதும் நிபந்தனை. ஏன் நகைச்சுவை, ஏன் அனிமேஷன், ஏன் இரண்டும் சேர்ந்து என்பதற்குக் காரணம் சொல்லவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தமிழ்த் திரைப்படத்தில் இரண்டு பொருள்கள் பெரும்பாலும் இயக்குநரின் மேசைக்கு வெளியே தயாராகிப் படத்துக்குள் வந்து சேர்கின்றன. ஒன்று நகைச்சுவை, மற்றொன்று கிராபிக்ஸ். காமெடி டிராக் என்ற ஏற்பாடு நம்மிடம் நெடுங்காலம் இருந்தது. கதையை ஒருவர் எழுதுவார்; நகைச்சுவைப் பகுதியை அதற்கென்றே இருந்த எழுத்தாளர் தனியாக எழுதுவார்; சில நேரங்களில் அது தனி நாள்களில் படமாக்கப்பட்டுக் கதையின் இடைவெளிகளில் செருகப்படும். கவுண்டமணி, செந்தில் இருவரின் புகழ்பெற்ற காட்சிகள் பலவற்றை எழுதிய ஏ.வீரப்பனின் பெயர் அந்தக் காட்சிகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்களுக்குக்கூடத் தெரியாது. நகைச்சுவையை எழுதி, பிறகு இயக்குநராகவும் நின்ற சித்ராலயா கோபு போன்றவர்கள் மிகச் சிலரே. கிராபிக்ஸின் நிலையும் இதுதான். படப்பிடிப்புத் தளத்தில் ஏதாவது ஒன்று சரியாக அமையவில்லை என்றால், 'சி.ஜி.யில் (கணினி கிராபிக்ஸில்) பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லிவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போகிறோம். வரையத் தெரிந்தவர் படத்தை முதன்முதலில் பார்ப்பது, அது எடுத்து முடிக்கப்பட்ட பிறகு.

இதனால் ஒரு வகைக் கலைஞருக்கு நம் ஊரில் வாசலே இல்லாமல் போய்விட்டது. சிரிப்பைப் படமாக யோசிக்கிறவர், வசனம் வருவதற்கு முன்பே ஒரு உருவம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எவ்வளவு நேரம் அசையாமல் நிற்க வேண்டும் என்று தெரிந்தவர், எழுத்தாளர் பட்டியலிலும் வருவதில்லை, உதவி இயக்குநர் பட்டியலிலும் வருவதில்லை. அவரை ஒரு கணினியின் முன் அமர்த்தி, வேறொருவர் எடுத்த ஷாட்டைச் சுத்தம் செய்யச் சொல்கிறோம்.

இந்த வாசல் திறந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, அமெரிக்க இயக்குநர் ஃப்ராங்க் டாஷ்லினின் தொழில் வாழ்க்கையைச் சற்று விரிவாகவே தங்கள்முன் வைக்கிறேன். வால்ட் டிஸ்னியைத் தெரிந்த அளவுக்கு நம் மாணவர்களுக்கு இவரைத் தெரியாது. 1913-ல் நியூ ஜெர்சியில் பிறந்து, பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டவர். கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே பத்திரிகைகளுக்கு நகைச்சுவைச் சித்திரங்கள் வரைந்து அனுப்பியவர். நியூயார்க்கில் கார்ட்டூன் ஸ்டுடியோ வேலையில் நுழைந்து, 1933-ல் ஹாலிவுட்டுக்குப் போய், வார்னர் பிரதர்ஸுக்குக் கார்ட்டூன் தயாரித்துக் கொடுத்த லியோன் ஷ்லெசிங்கரின் ஸ்டுடியோவில் அனிமேட்டராகச் சேர்ந்தார். அப்போது அவர் ஒரு செய்தித்தாளுக்குப் படக்கதைத் தொடரும் வரைந்துகொண்டிருந்தார். அந்த வருமானத்தில் முதலாளி பங்கு கேட்டபோது தர மறுத்து வேலையை இழந்தார். அதன்பின் ஹால் ரோச்சின் ஸ்டுடியோவில், நடிகர்களை வைத்து எடுக்கும் சிறு நகைச்சுவைப் படங்களுக்குச் சிரிப்புக் கட்டங்களை எழுதினார். 1936-ல் ஷ்லெசிங்கரிடமே இயக்குநராகத் திரும்பி வந்து, போர்க்கி என்ற பன்றிக்குட்டியை வைத்துக் கார்ட்டூன்கள் எடுத்தார். பிறகு டிஸ்னியின் கதைப் பிரிவு, பிறகு கொலம்பியாவின் ஸ்கிரீன் ஜெம்ஸ் என்ற கார்ட்டூன் பிரிவில் பொறுப்பு, பிறகு மீண்டும் வார்னர். போர்க்காலத்தில் ராணுவ வீரர்களுக்கான பயிற்சிக் கார்ட்டூன்களிலும் அவருடைய கை இருந்தது.

இந்தப் பாதையில் ஆசிரியர்களாகிய தங்களுக்கு முக்கியமானது, அவர் மாறிய ஒவ்வொரு இடத்திலும் வேறொரு திறமையைக் கற்றார் என்பதுதான். ஓரிடத்தில் கை பழகியது. இன்னோரிடத்தில் நடிகரின் உடம்புக்கு ஏற்றாற்போல் எழுதப் பழகினார். டிஸ்னியின் கதைப் பிரிவில் பலகையில் ஊசி குத்திய சித்திரங்களைக் கொண்டே கதை கட்டப் பழகினார். அவர் கார்ட்டூன் இயக்கிய முறையிலேயே திரைப்படத்தின் மீதிருந்த பற்று தெரிகிறது. அந்தக் காலத்துக் கார்ட்டூன்கள் பெரும்பாலும் ஒரு மேடையை எதிரிலிருந்து பார்ப்பதுபோல் இருந்தபோது, இவர் கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் கோணங்களையும், கண் இமைக்கும் நேரத்தில் மாறும் வேகமான ஷாட் வெட்டுகளையும் கார்ட்டூனுக்குள் கொண்டுவந்தார். நடிகர்களை வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசையாக இருந்தது.

அந்த ஆசை நிறைவேறப் பல ஆண்டுகள் ஆயின. 1940-களின் பிற்பகுதியில் மார்க்ஸ் சகோதரர்கள், பாப் ஹோப், ரெட் ஸ்கெல்டன், லூசில் பால் ஆகிய நகைச்சுவை நடிகர்களுக்கு எழுதினார். 1951-ல் பாப் ஹோப் நடித்த ஒரு படத்தில் சில பகுதிகளைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தபோது அந்தப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் இயக்குநர். டீன் மார்ட்டின், ஜெர்ரி லூயிஸ் இணையை வைத்து இரண்டு படங்களும், இணை பிரிந்த பிறகு லூயிஸைத் தனியாக வைத்து ஆறு படங்களும் எடுத்தார். பின்னாளில் தாமே இயக்குநரான ஜெர்ரி லூயிஸ், டாஷ்லினைத் தம் ஆசிரியராகக் கருதினார். பிரான்சில் அப்போது இளம் விமர்சகராக இருந்து, பின்னாளில் புகழ்பெற்ற இயக்குநரான கோதார், இவருடைய படங்களை மிக உயர்வாக எழுதினார். 1972 மே 5-ல், ஐம்பத்தொன்பதாம் வயதில் டாஷ்லின் மறைந்தார்.

கார்ட்டூன் மேசையில் கற்றது நடிகர்கள் நடித்த படத்தில் எப்படி வேலை செய்தது என்பதற்கு இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன். 1952-ல் வெளிவந்த 'சன் ஆஃப் பேல்ஃபேஸ்' படத்தில் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது சக்கரம் ஒன்று கழன்றுவிடுகிறது. பாப் ஹோப் காரில் இருந்தபடியே அந்தப் பக்கத்து அச்சைக் கயிற்றால் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார். கார் ஓடிக்கொண்டே இருக்கிறது. இது நடக்க முடியாத காரியம், சீக்கிரம் ஆகட்டும் என்று அவரே சொல்கிறார். கார்ட்டூனில் மலையுச்சியைத் தாண்டி ஓடிவிட்ட உருவம், கீழே பார்க்கும்வரை விழாது என்ற அதே சட்டம்தான் இது. 1956-ல் வெளிவந்த 'தி கேர்ள் கான்ட் ஹெல்ப் இட்' படத்தில் ஜேன் மேன்ஸ்ஃபீல்ட் தெருவில் நடந்து போகிறார். ஐஸ்காரரின் ஐஸ் உருகுகிறது. பால்காரரின் கையிலிருக்கும் புட்டியில் பால் பொங்குகிறது. பார்த்தவரின் மூக்குக் கண்ணாடி விரிசல் விடுகிறது. கதாநாயகியின் அழகைப் பற்றி ஒருவரும் ஒரு வரிகூடப் பேசுவதில்லை. பெண்ணை அப்படிக் காட்டுவதைப் பற்றி இன்று கேள்வி எழுப்ப வேண்டும், மாணவர்கள் எழுப்பவும் வேண்டும். ஆனால் ஒரு தகவலை மூன்று பொருள்களின் வழியாக, வரிசையாக, ஒன்றைவிட ஒன்று கூடுதலாகச் சொல்லும் அந்தக் கட்டமைப்பு எந்தக் கதைக்கும் பயன்படும்.

இதெல்லாம் படப்பிடிப்புத் தளத்தில் அந்த நேரத்தில் தோன்றியிருக்க முடியாது என்பது தொழில் தெரிந்த தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அதன் வேர் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு விநாடிக்கு 24 பிரேம். கையால் வரையும் அனிமேஷனில் ஒரு சித்திரத்தை இரண்டு பிரேமுக்கு வைத்தாலும் விநாடிக்கு 12 சித்திரங்கள் தேவை. ஏழு நிமிடக் கார்ட்டூனுக்கு ஐயாயிரத்துக்கு மேல். அதனால் அங்கே இரண்டு கோணத்தில் எடுத்துவைத்துக்கொண்டு எடிட்டிங்கில் முடிவு செய்யலாம் என்ற வசதி கிடையாது. ஒருவர் கீழே விழுகிறார் என்றால், விழுவதற்கு முன் அவர் முகம் எட்டு பிரேம் நிற்க வேண்டுமா, பன்னிரண்டு பிரேம் நிற்க வேண்டுமா என்பதை, ஒரு கோடுகூட வரைவதற்கு முன், எக்ஸ்போஷர் ஷீட் என்ற பிரேம் கணக்குத் தாளில் இயக்குநர் எழுதியாக வேண்டும். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் உள்ளது ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு. அந்த ஆறில் ஒரு பங்கில்தான் சிரிப்பு வருவதும் வராமல் போவதும் இருக்கிறது. எட்டு பிரேமில் விழுந்தால் பார்க்கிறவருக்கு நடந்தது தெரிவதற்குள் காட்சி முடிந்துவிடுகிறது. இருபது பிரேம் நின்றால் அவர் முன்கூட்டியே ஊகித்துவிடுகிறார். இந்தக் கணக்கை நாள்தோறும் எழுதிப் பழகிய ஒருவர் நடிகர்களிடம் போகும்போது, தமக்கு வேண்டியது என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லக்கூடியவராக இருப்பார்.

நம்மிடம் இது இல்லையா என்றால், இருந்தது என்பதே என் பதில். 1964-ல் ஸ்ரீதர் இயக்கி, கோபு நகைச்சுவை எழுதிய 'காதலிக்க நேரமில்லை' படத்தில், படம் எடுக்கக் கிளம்பிய செல்லப்பாவாக வரும் நாகேஷ், தம் தந்தையாக வரும் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியைத் தமிழர் எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அதை ஒரு முறை ஸ்டோரிபோர்டுகாரனின் கண்ணால் பார்க்க வேண்டுகிறேன். கார்ட்டூன் ஸ்டுடியோக்களில் கதைப் பிரிவைச் சேர்ந்தவர், பலகையில் குத்திய சித்திரங்களின் முன் நின்று, எல்லாப் பாத்திரங்களையும் தாமே நடித்து, எல்லா ஓசைகளையும் தம் வாயாலேயே எழுப்பி, இயக்குநருக்குப் படத்தைக் காட்டுவார். அது சரியாக வந்தால்தான் வரையும் வேலை தொடங்கும். நாகேஷ் அந்தக் காட்சியில் செய்வது இந்த வேலையைத்தான். பின்னணியில் வேறொன்றும் தேவைப்படவில்லை. குரலும் கையும் கண்ணும் போதுமாக இருக்கின்றன. எதிரில் இருக்கும் பாலையாவின் முகம் ஒவ்வொரு ஓசைக்கும் ஒரு படி மாறுகிறது. நாகேஷ் எங்கே நிறுத்துகிறார், அந்த நிறுத்தத்துக்கும் பாலையாவின் அதிர்ச்சிக்கும் இடையே எத்தனை பிரேம் இருக்கிறது என்று எண்ணி எழுதச் சொன்னால், அதுவே ஒரு வாரத்துக்கான பாடமாக அமையும். அனிமேஷன் மாணவர் அந்த எண்ணிக்கையைக் கொண்டு இரண்டு வெறும் உருண்டைகளை அசைத்துக் காட்டட்டும். முகமில்லாத உருண்டைகளைப் பார்த்தும் சிரிப்பு வருகிறது என்றால், நகைச்சுவை எங்கே இருக்கிறது என்பது இயக்க மாணவருக்கு விளங்கிவிடும்.

பத்திரிகை உலகிலும் நம்மிடம் இந்தக் கலை செழித்திருந்தது. ஓவியர் கோபுலு வரைந்த, ஒரு வார்த்தையும் இல்லாத நகைச்சுவைச் சித்திரங்களில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும்போது எதை விட வேண்டும், எதைக் காட்ட வேண்டும் என்ற தேர்ச்சி இருக்கிறது. அது முழுக்க முழுக்கப் படத்தொகுப்பாளரின் அறிவு. சென்னையின் வார இதழ் அலுவலகங்களில் இப்படிப்பட்டவர்கள் பலர் இருந்தும், இந்த ஊரின் ஸ்டுடியோக்கள் அவர்களை இயக்குநர்களாக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. விதிவிலக்காக ஒருவரைச் சொல்லலாம். ஆனந்த விகடனில் கார்ட்டூனிஸ்ட்டாக இருந்த சிம்புதேவன், சேரனிடம் உதவி இயக்குநராகப் பணியாற்றி, 2006-ல் வடிவேலுவைக் கதாநாயகனாக வைத்து 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி'யை எடுத்தார். அந்தப் படத்தில் அரசனின் மீசையும் நடையும் அரண்மனைச் சுவரும்கூடச் சிரிப்புக்காக வரையப்பட்டவையாக இருப்பதும், ஊரே அதைக் கொண்டாடியதும், அவர் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. அப்படி ஒருவர் தம் முயற்சியாலும் ஒரு தயாரிப்பாளரின் துணிச்சலாலும் வந்தார். அடுத்தவரும் அப்படியே தற்செயலாக வர வேண்டும் என்று காத்திருப்பது ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு அழகல்ல என்பதை மரியாதையோடு சொல்கிறேன்.

கற்பிக்கும் இடம் ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ராம் மோகன், 1956-ல் பம்பாயில் மத்திய அரசின் திரைப்படப் பிரிவு நடத்திய கார்ட்டூன் யூனிட்டில் சேர்ந்தார். டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் அங்கே வந்து பயிற்சி கொடுத்தார். அந்தச் சிறிய அறையில் கற்றவர்களில் ஒருவரான ராம் மோகனைத்தான் பின்னர் இந்திய அனிமேஷனின் தந்தை என்று நாடு அழைத்தது. 2014-ல் பத்மஸ்ரீயும் வழங்கியது. அரசு நடத்திய அந்த ஓர் அறை இல்லாவிட்டால் அவர் வேதியியலிலேயே இருந்திருப்பார்.

சென்னைக்குக் கைத்திறனில் குறைவில்லை. 2000-ல் இங்கிருந்த பென்டாமீடியா கிராபிக்ஸ் நிறுவனம் பாண்டவர் கதையை முழுநீளக் கணினி அனிமேஷன் படமாக ஆங்கிலத்தில் எடுத்துத் தேசிய விருது பெற்றது. 2007-ல் 'இனிமே நாங்கதான்' முழுநீள முப்பரிமாண அனிமேஷனாகத் தமிழில் வந்தது; 2014-ல் 'கோச்சடையான்', நடிகர்களின் அசைவைப் பதிவுசெய்து உருவங்களுக்குக் கொடுக்கும் மோஷன் கேப்சர் முறையில் வந்தது. இவற்றையெல்லாம் பற்றிப் பேசும்போது நாம் எந்தக் கருவி பயன்பட்டது, எது இந்தியாவில் முதல்முறை என்றுதான் பேசினோம். காட்சியை யார் யோசித்தார், அந்த உருவம் ஏன் அப்படி நடந்தது என்று பேசவில்லை. தொழில்நுட்பத்தை வாங்கிவிடலாம், வாங்கியும் இருக்கிறோம். எட்டு பிரேமா பன்னிரண்டு பிரேமா என்று முடிவு செய்யும் ஆளை வாங்க முடியாது, உருவாக்கத்தான் வேண்டும்.

விருகம்பாக்கத்தில் ஒரு விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருவரை எனக்குத் தெரியும். சண்டைக் காட்சியில் கதாநாயகரைத் தூக்கும் கயிற்றை ஒவ்வொரு பிரேமாக அழிப்பது அவர் வேலை. மதிய உணவு இடைவேளையில் அவர் காட்டிய நோட்டுப் புத்தகத்தில், தண்ணீர் லாரிக்காகத் தெருவில் வரிசையாக வைக்கப்பட்ட பிளாஸ்டிக் குடங்கள் இருந்தன. மனிதர் ஒருவரும் கிடையாது, குடங்கள் மட்டும்தான் பாத்திரங்கள். லாரியின் ஓசை கேட்டதும் எல்லாக் குடங்களும் ஒருசேரத் தெருமுனைப் பக்கம் வாயைத் திருப்புகின்றன. அடி நசுங்கிய பச்சைக் குடம் ஒன்று மட்டும் சற்றுத் தாமதமாகத் திரும்புகிறது. வருவது கழிவுநீர் லாரி. எல்லாக் குடங்களும் சட்டென்று தலைகீழாகக் கவிழ்ந்துகொள்கின்றன. நசுங்கிய குடம் மறுபடியும் தாமதம். ஓரத்தில் பென்சிலால், முதல் திருப்பத்துக்கு ஆறு பிரேம், பச்சைக் குடத்துக்குப் பதினான்கு பிரேம் கழித்து என்று எழுதியிருந்தார். கோடையில் சென்னையில் குடம் பிடித்து நின்ற யாருக்கும் அந்தப் பக்கங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும், வயிறும் கலங்கும். அதை எடுத்துக்கொண்டு அவர் சில இடங்களுக்குப் போனார். ஓரிடத்தில் குழந்தைகளுக்கான படமா என்று கேட்டார்கள். இன்னோரிடத்தில், நன்றாக வரைகிறீர்கள், எங்கள் படத்தின் டைட்டிலுக்கு ஏதாவது செய்து தருகிறீர்களா என்று கேட்டார்கள். யாரும் அவரை இயக்குநராகப் பார்க்கவில்லை. தனியார் பயிற்சி மையத்தில் கடன் வாங்கிப் படித்த அவருக்குப் பல மென்பொருள்களைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவர் ஒரு கதை சொல்லி என்பதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கவில்லை. அவரைப் போன்ற ஒருவர் தங்கள் வகுப்பறைகளில் இன்று அமர்ந்திருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்த வேலைகளுக்கும் இனி நெடுநாள் உத்தரவாதம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கயிறு அழிப்பதும், உருவத்தின் எல்லையைப் பிரேம் பிரேமாக வரைந்து பிரித்தெடுக்கும் ரோட்டோ போடுவதும், பின்னணியைப் பிரிப்பதும் இப்போது மென்பொருள் தானாகவே செய்யத் தொடங்கியிருக்கும் வேலைகள். இவற்றை மட்டும் நம்பி ஒரு பட்டப்படிப்பை முடிக்கும் மாணவர், வெளியே வரும்போது தம் இருக்கையில் யாரும் தேவையில்லை என்ற பதிலைக் கேட்க நேரலாம். குடத்துக்குப் பதினான்கு பிரேம் தாமதம் கொடுக்கத் தெரிந்தவருக்கு அந்த அச்சம் குறைவு.

ஆகவே என் விண்ணப்பத்தை இன்னும் சற்றுத் திட்டமாகச் சொல்கிறேன். இரு பிரிவுகளிலிருந்தும் ஒருவர் ஒருவராகச் சேர்த்து இருவர் குழுக்களாகப் பிரித்து, ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத ஒரு நகைச்சுவைப் படத்தை அவர்களிடம் ஒப்படைக்கலாம். முதல் பருவத்தில் கேமராவையோ மென்பொருளையோ தொட வேண்டியதில்லை. ஸ்டோரிபோர்டு, அதை வரிசைப்படுத்திக் குரலும் ஓசையும் சேர்த்த அனிமேட்டிக், பிரேம் கணக்கு எழுதிய எக்ஸ்போஷர் ஷீட் ஆகிய மூன்றும் போதும். இயக்க மாணவர் நன்றாக வரைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குச்சி மனிதர்களை வரைந்தாலும் யார் எங்கே நிற்கிறார், யார் யாரைப் பார்க்கிறார் என்பது தெரிந்தால் போதும். அனிமேட்டிக்கை வகுப்புக்கு வெளியே உள்ளவர்களுக்கு, அலுவலக ஊழியர்களுக்கோ கேன்டீனுக்கு வருபவர்களுக்கோ, போட்டுக்காட்டி, எங்கே சிரித்தார்கள் என்று குறித்துக்கொள்ளச் சொல்லலாம். அடுத்த பருவத்தில் படத்தை எடுக்கட்டும். டைட்டிலில் இருவர் பெயரும் இயக்குநர் என்ற இடத்திலேயே வர வேண்டும் என்பதில் மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். அனிமேஷன் மாணவரின் பெயர் மீண்டும் தொழில்நுட்பப் பட்டியலுக்குப் போய்விட்டால் இந்த முயற்சியே வீணாகிவிடும்.

இதற்குப் பெரிய செலவு ஆகுமே என்ற ஐயம் எழலாம். காகிதமும் பென்சிலும் ஒரு படத்தொகுப்புக் கணினியும் தவிர முதல் பருவத்துக்கு வேறொன்றும் வேண்டாம். பாடம் எடுக்க ஆள் எங்கே என்ற கேள்விக்கும் விடை இந்த ஊரிலேயே இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் காமெடி டிராக் எழுதிய மூத்தவர்கள் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் இன்னும் இருக்கிறார்கள்; ஒரு வசனத்தை ஏன் அந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பதை அவர்களைப் போல் சொல்லக்கூடிய பேராசிரியர் கிடைப்பது அரிது. வார இதழ்களில் வரைந்தவர்களையும் அழைக்கலாம். அவர்களுடைய அனுபவம் எழுதப்படாமலேயே அவர்களோடு போய்விடாமல் இருக்கவும் இது உதவும். நகைச்சுவை மேதை என்.எஸ்.கிருஷ்ணனின் 'கலைவாணர்' என்ற பட்டத்தைத் தன் அரங்கத்துக்குச் சூட்டிய அரசு, நகைச்சுவையைப் பாடமாக வைக்கத் தயங்காது என்றே நினைக்கிறேன். தங்கள் நிறுவன மாணவர்களின் படங்களுக்கு அரசு வழங்கும் விருதுகளில் இத்தகைய கூட்டுப் படங்களும் இடம்பெறுமாறு தாங்கள் பரிந்துரைத்தால், மாணவர்கள் இதைத் துணைப்பாடமாக எண்ணாமல் முழு மனதோடு செய்வார்கள்.

நகைச்சுவையை ஏன் கட்டாயமாக்க வேண்டும், கதை எதுவாகவும் இருக்கட்டுமே என்று தங்களில் சிலர் கருதக்கூடும். சோகக் காட்சி ஒன்று இரண்டு விநாடி நீண்டுவிட்டால், பார்க்கிறவர் மரியாதைக்காகவாவது பொறுத்துக்கொள்வார். நகைச்சுவையில் அந்தச் சலுகை இல்லை. சிரித்தார்களா இல்லையா என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். மாணவர் தம் தவறை ஆசிரியர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பயிற்சிக்கு இதைவிட நேர்மையான களம் எனக்குத் தெரியவில்லை.

ஸ்டோரிபோர்டு வகுப்புகளை நானும் என்னோடு பணியாற்றும் சிலரும் ஊதியம் எதிர்பாராமல் வந்து எடுக்கத் தயாராக இருக்கிறோம். அடுத்த கல்வியாண்டின் பாடத்திட்டத்தைத் தாங்கள் கூடிப் பேசும்போது இந்த மடலையும் ஒரு பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். அழைத்தால் ஆசிரியர் கூட்டத்துக்கு நேரில் வந்து, மேலே சொன்ன நாகேஷ், பாலையா காட்சியின் பிரேம் கணக்கைப் பலகையில் எழுதி விளக்கவும் சித்தமாக இருக்கிறேன்.

மிக்க மரியாதையுடன்,
ஒரு ஸ்டோரிபோர்டு கலைஞர்,
சாலிகிராமம், சென்னை